150 படம் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு பெயர்ப் பட்டியல்

கேள்வி: கடந்த தை மாதம் கும்பகோணத்தில் எங்கள் திருமணம் நடந்தது. போட்டோகிராபர் கிட்டத்தட்ட 3,000 படங்களைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, ஆல்பத்துக்கு 150 படம் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார். மேடைக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் வர வேண்டும் என்கிறார் மாமியார். எல்லாம் போனில் இருக்கிறதே, ஆல்பம் எதற்கு என்கிறார் கணவர். எனக்கோ, பேரப்பிள்ளைகள் வரைக்கும் இருக்கிற மாதிரி ஒரு ஆல்பம் வேண்டும். என் அம்மாவின் 1991 கல்யாண ஆல்பத்தில் படங்கள் அட்டையோடு ஒட்டிப்போய்விட்டன. எடுக்க முடியவில்லை. எங்கள் ஆல்பத்துக்கு என்ன அளவு, என்ன பேப்பர், என்ன டிசைன் சொல்வது? அம்மாவின் ஆல்பத்தைக் காப்பாற்ற வழி உண்டா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பென் டிரைவை இன்னும் திறக்கவில்லை என்றால் நல்லது, இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மாமியார் பக்கத்தில் உட்காருங்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களில் நாற்பது வருஷம் கழித்தும் இந்த வீட்டில் பேசப்படப்போகிறவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். அவர் தரப்பில் தாத்தா பாட்டி, தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா, அத்தைகள், ஒன்றுவிட்ட உறவில் நெருக்கமானவர்கள், உறவே இல்லாவிட்டாலும் வீட்டு மனுஷராகிவிட்ட பக்கத்து வீட்டுக்காரர். பிறகு அதே பட்டியலை உங்கள் அம்மாவோடும் எழுதுங்கள். இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் எண்பதிலிருந்து நூறு பேருக்குள் வரும். இந்த நோட்டு கையில் இருந்தால் தேர்வு சுலபம். ஒரு பெயருக்கு ஒரு நல்ல படம் கிடைத்ததும் டிக் அடித்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விடலாம்.

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் அழகாக விழுந்த படங்களை எல்லாம் முதலில் அள்ளிவிடுவார்கள். 150ல் 110 அதிலேயே போய்விடும். கடைசியில் ஆல்பம் அச்சாகி வந்த பிறகுதான், "பெரிய மாமா எங்கே?" என்ற கேள்வி வரும். ஆல்பத்தால் வருகிற மனஸ்தாபங்களில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்விதான். உங்கள் ஜோடிப் படங்களுக்கு நாற்பது இடம் தாராளம். அவை போனிலும் சுவரிலும் எப்படியும் இருக்கப்போகின்றன.

மாமியார் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மேடைப் படங்கள் அவருக்கு மொய் நோட்டு மாதிரி, வந்தவர்களுக்கான சாட்சி. ஆனால் 400 பேர் வரிசையாக வந்து பரிசைக் கொடுத்துவிட்டு கேமராவைப் பார்த்து நிற்கிற படங்களை டிசைன் ஆல்பத்தில் ஏற்றினால் ஒரு ஷீட்டில், அதாவது விரித்தால் தெரிகிற இரண்டு பக்கத்தில், பன்னிரண்டு படம் வரும், ஒருவர் முகமும் தெரியாது. அதற்கு வேறு வழி உண்டு. மேடைப் படங்களை 4க்கு 6 அங்குல அளவில் தனித்தனியாகப் பிரிண்ட் போட்டு, உறையில் செருகுகிற பாக்கெட் ஆல்பத்தில் வையுங்கள். 200 படம் பிடிக்கிற ஆல்பம் இரண்டு வாங்கினால் எல்லோரும் வந்துவிடுவார்கள். செலவும் அதிகம் ஆகாது. யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்கள் படத்தை உருவிக் கையில் கொடுத்துவிடலாம், அதில் மாமியாருக்கே சந்தோஷம். அந்தப் பாக்கெட் ஆல்பம் வாங்கும்போது மட்டும் திறந்து முகர்ந்து பாருங்கள். புது ரெயின்கோட் மாதிரி நெடி அடித்தால் அது பிவிசி பிளாஸ்டிக். நாளாக ஆக அது படத்தோடு ஒட்டும். பாலிப்ரொப்பிலீன் உறை போட்டதாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் சடங்கு வரிசை. உங்கள் வழக்கம் எதுவோ, அதில் ஒரு படிகூட விட்டுப்போகாமல் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு படம் இருக்கட்டும். பந்தக்கால், நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, தாய்மாமன் சீர், தாலி, மெட்டி, அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல், மறுவீடு. அடுத்த தலைமுறைக்கு இதில் பாதி தெரியாமல் போகலாம். அப்போது இந்த ஆல்பத்தைப் பார்த்துத்தான் "நம்ம வீட்டில் எப்படிச் செய்வோம்" என்று தெரிந்துகொள்வார்கள்.

தாலி கட்டுகிற படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கெட்டிமேளம் கொட்டுகிற அந்தச் சில வினாடிகளில் உங்கள் போட்டோகிராபர் இருபது முப்பது படமாவது எடுத்திருப்பார். டிசைனர் பொதுவாக அதில் உங்கள் முகம் நன்றாக இருப்பதை எடுத்து, இரண்டு முகங்களை மட்டும் நெருக்கி வெட்டி, முழு ஷீட்டுக்கு விரித்துவிடுவார். அதற்கு முன்னால் அந்த முப்பதையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கழுத்துக்குப் பின்னால் நாத்தனார் முடிச்சுப் போடுகிற கை ஒன்றில் தெரியும். இடது ஓரத்தில் அட்சதை போட மறந்து, கையில் வைத்தபடியே நிற்கிற அப்பா இன்னொன்றில் இருப்பார். மூன்றாவது ஒன்றில் உங்கள் முகம் பாதி மறைந்திருந்தாலும் அம்மாவின் முகம் முழுதாக விழுந்திருக்கும். நானாக இருந்தால் அந்த மூன்றாவதைத்தான் பெரிதாகப் போடுவேன், உங்கள் முகம் நன்றாக வந்ததைப் பக்கத்தில் சிறியதாக வைப்பேன். இதை டிசைனரே செய்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். அது உங்கள் அம்மா என்பது அவருக்குத் தெரியாது. படத்தின் எண்ணை எழுதி, "ஓரத்தை வெட்ட வேண்டாம்" என்று குறித்துக் கொடுங்கள்.

அதே மாதிரி, மேடையை விட்டு இறங்கியும் கொஞ்சம் தேடுங்கள். பந்தியில் இலை போடுகிறவர், நாதஸ்வரக்காரர், மொய் எழுத உட்கார்ந்தவர், மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற தங்கைகள், தூணோரமாகத் தூங்கிப்போன குழந்தை. பத்துப் படம் போதும்.

இனி அளவு. இப்போது கடையில் கேட்காமலே 12க்கு 36 அங்குலம் என்று எழுதிவிடுகிறார்கள். விரித்தால் மூன்றடி வரும். மேஜைமேல் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், மடியில் வைத்துப் பார்க்க முடியாது. இன்னொரு சிக்கல் கணக்கில் இருக்கிறது. 24 மெகாபிக்சல் கேமராப் படம் 6,000க்கு 4,000 பிக்சல், அதாவது புள்ளி. அதை 12க்கு 36 ஷீட் முழுக்க விரித்தால் உயரத்தில் பாதியை வெட்டியாக வேண்டும். தலைக்கு மேலிருக்கும் தோரணமும் போகும், கீழே பட்டுப்புடவை மடிப்பும் போகும். மிச்சமிருப்பதும் ஒரு அங்குலத்துக்கு 166 பிக்சல்தான். 12க்கு 24 என்றால் கால்பங்குதான் வெட்டுப்படும், அங்குலத்துக்கு 250 பிக்சல் கிடைக்கும். மூடினால் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரம், பாட்டியும் தானே எடுத்துப் பார்க்கலாம். என் ஓட்டு இதற்குத்தான். 30 ஷீட், அதாவது 60 பக்கம் போதும். ஷீட்டுக்கு ஐந்தாறு படம் என்றால் உங்கள் 150 அடங்கிவிடும், தாலிக்கும் குடும்பக் குழுப் படத்துக்கும் முழு ஷீட்டும் ஒதுக்கலாம். மிச்சப்படுகிற பணத்தில் இரண்டு வீட்டுப் பெற்றோருக்கும் ஒவ்வொரு மினி ஆல்பம் கேளுங்கள். ஒரே ஆல்பம் ஒரே வீட்டில் இருப்பது பாதுகாப்பும் இல்லை.

உறவினர்கள் போனில் எடுத்த படங்களில் சில, போட்டோகிராபர் எடுத்ததைவிட நன்றாக இருக்கும். சேர்க்கலாம். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அதைப் பெரிதாக்கினால் மங்கல் தெரியும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

டிசைன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. டெம்ப்ளேட் என்று ரெடிமேடாகக் கிடைப்பவற்றில் பூ, இறகு, மினுமினுப்பு, ஆங்கிலக் காதல் வரிகள் எல்லாம் இருக்கும். ரோஜாப்பூவுக்குள் மணமகள் முகத்தை வைத்த ஆல்பத்தை இன்று பார்த்தால் நமக்குச் சிரிப்பு வருகிறதல்லவா? இன்றைய டெம்ப்ளேட்டுக்கும் பத்து வருஷத்தில் அதே கதிதான். வெள்ளை அல்லது லேசான சந்தன நிறத்தில் வெறும் பின்னணி, படங்களுக்கு நடுவே கொஞ்சம் காலியிடம், இது போதும். டிசைனருக்கு இதில் வேலை குறைவு என்று நினைக்காதீர்கள், அதிகம். பூவை வைத்து மறைக்க முடியாததால் படங்களைச் சரியாக அடுக்கியாக வேண்டும். கேட்கும்போது மரியாதையாக, "டிசைன் சார்ஜைக் குறைக்க வேண்டாம், அலங்காரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: முகத்தை வெளுக்க வைக்கக் கூடாது, தோலை வழவழப்பாக்கக் கூடாது. சொல்லாவிட்டால் பழக்கத்தில் செய்துவிடுவார்கள். தாத்தா முகத்துச் சுருக்கமும் உங்கள் சொந்த நிறமும் இருந்தால்தான் அது நீங்கள். முகூர்த்தத்தின்போது எல்இடி விளக்கின் ஊதா வெளிச்சம் விழுந்து கெட்டுப்போன படங்கள் சில இருக்கும். அவற்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றலாம். மற்றவை கலரிலேயே இருக்கட்டும். அரக்குப் புடவையின் சிவப்பு, திரையில் ஒன்றாகவும் அச்சில் வேறாகவும் வரும், ஜரிகைக் கோடுகள் குழைந்துபோகும். அதனால் மொத்தத்தையும் அச்சுக்கு அனுப்புவதற்கு முன் புடவை நன்றாகத் தெரிகிற ஒரே ஒரு ஷீட்டை மாதிரிக்கு அடித்துக் காட்டச் சொல்லுங்கள். புடவையைப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள்.

ஷீட்டின் நடு மடிப்பில் யார் முகமும் விழக்கூடாது. குழுப் படத்தில் நடுவில் நிற்பது பெரும்பாலும் வீட்டிலேயே மூத்தவர், மடிப்பு நேராக அவர் மூக்கில் ஓடும். படத்தை ஒரு பக்கமாக நகர்த்தினால் தீர்ந்தது. ஓரங்களிலும் அரை அங்குலத்துக்குள் முகமோ எழுத்தோ வேண்டாம், பைண்டிங்கில் வெட்டும்போது போய்விடும்.

முதல் ஷீட்டில் என்ன வைப்பது என்று எல்லோரும் குழம்புவார்கள். கல்யாணப் பத்திரிகையை வையுங்கள். தேதி, முகூர்த்த நேரம், மண்டபம், இரண்டு வீட்டுத் தாத்தா பாட்டி பெயர், ஊர் எல்லாம் அதிலேயே இருக்கிறது. மஞ்சள் தடவிய பத்திரிகையையே ஒட்ட வேண்டாம், கறை பக்கத்துப் படத்துக்கும் இறங்கும். ஸ்கேன் செய்து அச்சடியுங்கள், அசலைத் தனியாக ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள். அடுத்த ஷீட்டில் உங்கள் பெற்றோர் கல்யாணப் படம் ஒன்று, மாமனார் மாமியார் கல்யாணப் படம் ஒன்று. இதைப் பார்த்தால் மாமியாரின் பாதிக் கோபம் போய்விடும், நான் உத்தரவாதம்.

பெயர்களை எழுதச் சொல்கிறேன். எல்லாப் படத்துக்கும் தேவையில்லை. குடும்பக் குழுப் படங்களுக்கும், மூத்தவர்கள் இருக்கிற படங்களுக்கும் கீழே சின்ன எழுத்தில் பெயர், உறவு, ஊர். நாற்பது பேர் நிற்கிற படம் என்றால் கடைசி ஷீட்டில் அதே படத்தைச் சிறியதாக வைத்துத் தலைகளுக்கு எண் போட்டுப் பட்டியல் கொடுக்கலாம். பழைய ஆல்பங்களில் படம் பளிச்சென்று இருந்தும் நிற்பது யாரென்று சொல்ல ஆளில்லாமல் போனதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். முதலில் எழுதிய நோட்டு இங்கேதான் மறுபடி பயன்படும். மாமியார் பெயர் சொல்லச் சொல்ல, போனில் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். இடையிடையே அவர் சொல்கிற கிளைக்கதைகள் ஆல்பத்தில் அடங்காது.

தமிழில் எழுதும்போது ஒரு தொல்லை வரும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில், நாம் போனில் அடிக்கிற யூனிகோட் தமிழை அப்படியே ஒட்டினால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் விழும். கோமதி என்ற பெயர் படிக்க முடியாமல் போகும். அதன் எழுத்து அமைப்பில் "வேர்ல்ட் ரெடி லேஅவுட்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். டிசைனருக்குத் தெரியாவிட்டால் இதை அப்படியே காட்டுங்கள். எழுத்து உடைகிறது என்பதற்காக அவர் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பேப்பரைப் பொறுத்தவரை கடைக்காரர் பத்துப் பெயர் சொல்வார். இரண்டு விஷயம் கேட்டால் போதும். ரசாயனத்தில் கழுவி எடுக்கிற சில்வர் ஹாலைடு போட்டோ பேப்பரா, பிரஸ்ஸில் அடிப்பதா என்று கேளுங்கள். கிடைத்தால் முதலாவது. மேற்பூச்சு மேட்டா, கிளாஸியா என்று கேளுங்கள். மேட் சொல்லுங்கள். காவிரிக்கரை ஈரக்காற்றில் பளபளப்பான பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம், கைரேகையும் பதியும். "கிழியவே கிழியாது" என்று ஒரு பேப்பரைக் காட்டுவார்கள். கிழியாமல் இருப்பது வேறு, மங்காமல் இருப்பது வேறு.

வெல்வெட் பெட்டி, விளக்கு எரிகிற பெட்டி எல்லாம் வேண்டாம். துணி அட்டை போட்ட ஆல்பம், அதற்குப் பருத்தித் துணியில் ஒரு பை. பீரோவில் நடுத்தட்டில் படுக்கை வாட்டில் வையுங்கள். பரணில் மொட்டைமாடிச் சூடு இறங்கும். கீழ்த்தட்டின் ஆபத்தை 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்காரர்கள் நன்றாகவே பார்த்தார்கள். அந்துருண்டை போடாதீர்கள், ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வருஷா வருஷம் மாற்றுங்கள். மாசி, பங்குனியில் காற்று காய்ந்திருக்கும்போது ஒருமுறை எடுத்து எல்லாப் பக்கத்தையும் புரட்டுங்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு பதில். போனில் இருக்கிறது என்பது சரிதான், ஆனால் போன் மூன்று நான்கு வருஷத்தில் மாறும். பென் டிரைவும் நிரந்தரம் இல்லை, மின்சாரமே காணாமல் வருஷக்கணக்கில் மேஜைக்குள் கிடந்தால் அதிலிருப்பது அழிந்துபோகலாம். அவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள்: இரண்டு ஹார்டு டிஸ்க், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று அம்மா வீட்டில், கூடவே இணையச் சேமிப்பில் ஒரு பிரதி. ஆல்பம் முடிந்ததும் அதன் ஒவ்வொரு ஷீட்டையும் முழு அளவு ஜேபெக் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். முன்பணம் கொடுக்கும்போதே இதைப் பேசிவிட வேண்டும். ஸ்டுடியோக்காரர்கள் இடம் போதாமல் சில மாதங்களில் அழித்துவிடுவது சகஜம். இந்தக் கோப்புகள் இருந்தால், இருபது வருஷம் கழித்து ஆல்பம் பாழானாலும் அதே ஆல்பத்தைத் திரும்ப அடிக்கலாம்.

கடைசியாக உங்கள் அம்மாவின் ஆல்பம். 1991 என்றால் அது அநேகமாகப் பசைக்கோடு போட்ட அட்டைமேல் படத்தை வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடுகிற வகை. அந்தப் பசைதான் மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நகத்தால் பெயர்க்காதீர்கள். முதல் வேலையாக, ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல் ஒவ்வொரு பக்கத்தையும் இருக்கிறபடியே போனில் படமெடுத்துவிடுங்கள். இனி என்ன ஆனாலும் அது மிஞ்சும். பிறகு வீட்டில் பழைய உறைகளைத் தேடுங்கள். ஸ்டுடியோவில் கொடுத்த நெகட்டிவ் சுருள்கள் இருந்தால் அதிர்ஷ்டம்தான், படத்தைத் தொடவே வேண்டாம், நெகட்டிவை ஸ்கேன் செய்து புதிதாகப் பிரிண்ட் போடலாம்.

நெகட்டிவ் இல்லையென்றால், பிளாஸ்டிக் தாள் சுலபமாகத் தூக்க வருகிற பக்கங்களில் மட்டும் கை வையுங்கள். மருந்துக்கடையில் மெழுகு தடவாத டென்டல் ஃப்ளாஸ், அதாவது பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற நூல், கிடைக்கும். அந்த நூலைப் படத்தின் மூலைக்கு அடியில் நுழைத்து, இரண்டு கையாலும் பிடித்து, ரம்பம் இழுப்பதுபோல மெல்ல முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே போனால் பசை அறுபடும். படத்தை வளைக்கக் கூடாது, வளைகிறது என்று தோன்றினால் நிறுத்திவிடுங்கள். முதலில் முக்கியமில்லாத ஒரு படத்தில் பழகிப் பாருங்கள். பிரிந்து வந்தவற்றை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில், ஸ்கேன் செய்யுங்கள். பிளாஸ்டிக் படத்தின் முகத்தோடு ஒட்டியிருந்தால் இழுத்தால் நிறமும் சேர்ந்து வரும். அந்தப் பக்கத்தை அட்டையோடு அப்படியே ஸ்கேனரில் வையுங்கள். அந்தக் காலத்துக் கலர்ப் படங்களில் சிவப்போ மஞ்சளோ ஏறியிருந்தால் கணினியில் ஓரளவு திருத்திவிடலாம். உங்கள் பாட்டியின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் இருந்தால் பாருங்கள், அம்மாவுடையதைவிட நன்றாகவே இருக்கக்கூடும். அதில் உருவத்தைத் தாங்குவது வெள்ளி, கலர்ப் படத்தில் சாயம். சாயம் சீக்கிரம் மங்கும்.

பிரிந்து வந்த படங்களை மறுபடி பசை ஆல்பத்தில் வைக்காமல், கறுப்புத் தாள் ஆல்பத்தில் மூலை ஒட்டு வைத்துச் செருகுங்கள். அம்மாவைக் கேட்டுப் பெயர்களையும் எழுதிவிடுங்கள். ஸ்கேன் செய்ததில் ஒன்றை உங்கள் ஆல்பத்தின் இரண்டாவது ஷீட்டுக்கு அனுப்ப வேண்டும், அதனால் இந்த வேலையை முதலில் முடித்துக்கொண்டு டிசைனரிடம் போவது நல்லது. அவர் ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரி, அனுப்பியதும் போனில் பார்த்து ஓகே சொல்லிவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் திறந்து, இரண்டு அம்மாக்களையும் உட்கார வைத்து, பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.